பளபளக்காத வண்டி



இந்தத் தடவை எல்லோரும் மரம் வளர்ப்பு, மழைநீர் சேகரிப்பு, நூலகத்தின் பயன் என்று எழுதித் தந்திருக்கிறார்கள். நான் ஒரு மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதுகிறேன். பொம்பளப் பிள்ளைக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று யாரும் சிரிக்க வேண்டாம். எனக்கு ஒன்றும் தெரியாமல் போனதால்தான் இந்தக் கட்டுரையே வந்தது. இடம் பத்தாது என்பதால் எழுத்தைப் பொடியாக எழுதியிருக்கிறேன். கொஞ்சம் கிட்ட நின்று படியுங்கள்.

எங்க அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறது. 2024 தை மாதம் தவணையில் ஒரு வண்டி வாங்கியது. கறுப்பு நிறம். ஆனால் சாதாரணக் கறுப்பு இல்லை. அதற்கு மேட் கறுப்பு என்று பெயர். வெயிலில் நிறுத்தினாலும் மினுமினுக்காது. முகம் தெரியாது. சிலேட்டுப் பலகை மாதிரி அமைதியாக இருக்கும். வண்டி வந்த அன்றைக்கு எங்க ஆத்தா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏன்டா கண்ணு, இத்தன காசு குடுத்துப் புது வண்டி வாங்கிட்டு, இப்படிக் கரிச்சட்டியாட்டம் இருக்குது? பழைய வண்டிக்கு மை பூசிக் குடுத்து ஏமாத்திப்போட்டானுங்களா?" என்று கேட்டது. தெருவே சிரித்தது. அண்ணனும் சிரித்தது. "ஆத்தா, இதுதான் இப்ப அழகு. மிலிட்டரி வண்டியெல்லாம் பாரு, இப்படித்தான் இருக்கும். பளபளன்னு இருந்தா வெயில் பட்டுத் தூரத்துல இருக்கிற எதிரிக்குக் காட்டிக் கொடுத்துரும்" என்று சொன்னது. ஆத்தாவுக்கு ஒன்றும் சமாதானம் ஆகவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும்தான்.

2025 அக்டோபர் 1-ஆம் தேதி புதன்கிழமை ஆயுத பூஜை. நமக்குக் காலாண்டு விடுமுறை. முதல் நாள் ராத்திரி வேலை முடித்து அண்ணன் திருப்பூரிலிருந்து வண்டியிலேயே வந்து, காலையில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் ஒரே தேய்ப்பு வேலை. அம்மா குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தது. அப்பா அரிவாள், மண்வெட்டி, கடப்பாரை எல்லாம் தேய்த்து வரிசையாக வைத்தார். நான் என் சைக்கிளைத் துடைத்து முடித்தேன். அப்புறம் அண்ணன் வண்டியைப் பார்த்தேன். ஒரே புழுதி. எழுந்து வந்து பார்க்கும்போது வண்டி கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும், அண்ணன் அசந்து போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அப்போது மணி பதினொன்று இருக்கும். நல்ல வெயில். வண்டி வாசலில்தான் நின்றது. பாத்திரம் விளக்கும் சோப்பையும் பச்சை நாரையும் எடுத்துக்கொண்டு தேய் தேய் என்று தேய்த்தேன். தண்ணீர் ஊற்றினேன். துடைப்பதற்குள் வெயிலில் காய்ந்து அங்கங்கே வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுந்தது. எங்க ஊர் போர் தண்ணி உப்புத் தண்ணி. சித்தப்பா வீட்டில் டிராக்டருக்குப் போடுகிற பாலிஷ் டப்பா ஒன்று இருந்தது ஞாபகம் வந்தது. கேட்டு வாங்கி வந்து, பழைய பனியன் துணியில் தொட்டு, பெட்ரோல் டேங்கின் இடது பக்கம் அரை மணி நேரம் சுத்திச் சுத்தித் தேய்த்தேன். பளபளப்பு வந்தது! எனக்கு ஒரே சந்தோஷம். மற்ற இடத்துக்குப் போகலாம் என்று எழுந்து தள்ளி நின்று பார்த்தேன். என் உள்ளங்கை அளவுக்கு ஒரு திட்டு. எண்ணெய் கொட்டிய மாதிரி தனியாகத் தெரிந்தது.

துணியை நனைத்துத் துடைத்தேன், போகவில்லை. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன், போகவில்லை. தேய்க்கத் தேய்க்கத் திட்டு பெரிதானதே தவிரக் குறையவில்லை. வயிற்றுக்குள் என்னவோ செய்தது. அப்போது ஒரு கெட்ட யோசனை வந்தது. தேங்காய் எண்ணெயை எடுத்து டேங்க் முழுவதும் தடவிவிட்டேன். எல்லா இடமும் ஒரே மாதிரி கறுகறுவென்று ஆகிவிட்டது. திட்டு மறைந்துவிட்டது. அண்ணன் எழுந்து வந்து, "அட, நீயா கழுவுன? பரவால்லையே பாப்பா!" என்று தலையைத் தட்டிக் கொடுத்தது. சாயங்காலம் பூஜையில் சந்தனமும் குங்குமமும் அந்த எண்ணெய் மேலேயே வைத்தோம். நான் சாமி கும்பிடும்போது கண்ணைத் திறக்கவே இல்லை.

மறுநாள் விஜயதசமி. கோயிலுக்குப் போய் வந்ததில் எண்ணெயில் புழுதி எல்லாம் ஒட்டி வண்டி திருநீறு பூசின மாதிரி ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை அண்ணன் வண்டியை வாட்டர் சர்வீஸுக்கு எடுத்துப் போனது. நானும் பின்னாடி உட்கார்ந்து போனேன். அங்கே வேலை செய்யும் அண்ணன் நம் ஊர்ப் பக்கத்துக்காரர்தான், பத்தொன்பது வயது இருக்கும். நுரை அடித்துக் கழுவி, தண்ணீர் அடித்துத் துடைத்துக் கொடுத்தார். எண்ணெய் எல்லாம் போய்விட்டது. திட்டு வெளியே வந்துவிட்டது.

எங்க அண்ணன் அதைப் பார்த்துவிட்டுக் கத்திய கத்தை இதுவரை நான் கேட்டதே இல்லை. "என்னத்தப் போட்டுத் தேச்ச? புது வண்டிடா இது. இன்னும் தவணையே முடியல!" அந்த அண்ணன் பயந்துபோய், "நானு சாம்பு போட்டுத் தண்ணி அடிச்சதோட சரிங்ணா. சாமி சத்தியமா வேற ஒண்ணும் பண்ணலீங்ணா" என்றார். முதலாளி வந்தார். அவர் எங்க அண்ணனைவிட அதிகமாகக் கத்தினார். நாலு பேர் முன்னால் அவரைத் திட்டி, "இந்த மாசச் சம்பளத்துல பிடிச்சுக்கிறேன்" என்றார். அவர் கையில் ஈரத் துணியோடு அப்படியே நின்றார். என்னை ஒரு தடவை பார்த்தார். அவருக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது, சும்மாதான் பார்த்தார். எனக்குத்தான் அது சும்மா பார்த்த மாதிரி இல்லை. வாயைத் திறக்க நினைத்தேன். நாக்கு வரவில்லை. அண்ணனோடு வண்டியில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. காய்ச்சலா என்று அம்மா தொட்டுப் பார்த்தது. படுத்தால் அந்த ஈரத் துணிதான் கண்ணில் வந்தது. திட்டு வந்ததுகூடத் தப்பில்லை, தெரியாமல் செய்தது. எண்ணெய் பூசி மறைத்தது தெரிந்து செய்தது. வாட்டர் சர்வீஸில் வாயை மூடிக்கொண்டு நின்றது அதைவிடப் பெரிய தப்பு. அது இன்னொருத்தர் சம்பளம்.

சனிக்கிழமை காலையில் அண்ணன் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன். பாதியிலேயே அழுகை வந்துவிட்டது. அடிக்கும் என்று நினைத்தேன். அண்ணன் அடிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இத நேத்து அங்கயே ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டது. அடித்திருந்தால் தேவலை. பிறகு, "கெளம்பு, போலாம்" என்று வண்டியை எடுத்தது.

வாட்டர் சர்வீஸில் அண்ணன் எதுவும் பேசவில்லை. என்னைத்தான் சொல்லச் சொன்னது. முதலாளி முன்னால் நான்தான் பாலிஷ் போட்டேன், நான்தான் எண்ணெய் பூசினேன் என்று சொன்னேன். சத்தம் வரவில்லை என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. எங்க அண்ணன் அந்த அண்ணன் கையைப் பிடித்து, "மன்னிச்சுக்கப்பா, தெரியாம கத்திட்டேன்" என்றது. முதலாளி, "சரி சரி, சம்பளத்துல பிடிக்கல, போய் வேலையைப் பாரு" என்றார். அந்த அண்ணன் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பரவால்ல பாப்பா. நேத்து நான் சத்தியம் பண்ணியும் ஒருத்தரும் நம்பல. இன்னைக்கு நீ சொன்னதும் நம்பிட்டாங்க. நல்லவேள வந்த." இதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அங்கிருந்து பெயிண்டர் மாமா பட்டறைக்குப் போனோம். அவர் திருச்செங்கோட்டில் லாரி பாடி கட்டும் பட்டறையில் பல வருஷம் ஸ்பிரே அடித்தவர். திட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பாலிஷா?" என்று உடனே கேட்டார். பிறகு எனக்குப் புரியும்படி சொன்னார்.

வண்டியில் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்று நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கும். சாதாரண வண்டியில் அது கிணற்றுத் தண்ணீர் மாதிரி வழவழப்பாக இருக்கும். மேட் வண்டியில் அந்தப் பூச்சோடு மிகவும் நுண்ணிய ஒரு பொடியைக் கலந்திருப்பார்கள். காய்ந்த பிறகு மேற்பரப்பு உழுத வயல் மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன மேடு, சின்னப் பள்ளம். பாலிஷில் இருக்கும் அரைக்கும் பொடி அந்த மேட்டை எல்லாம் தேய்த்துச் சமமாக்கிவிடும். மெழுகும் எண்ணெயும் பள்ளத்தை நிரப்பிவிடும். எப்படிச் செய்தாலும் பளபளப்பு வந்துவிடும். "பள்ளத்துல இருக்கிற எண்ணெயைக் கழுவி எடுத்தரலாம் கண்ணு. தேஞ்ச மேட்டைத் திரும்ப வெக்க முடியாது" என்றார். அந்த இடத்துக்கு மட்டும் பெயிண்ட் அடித்தால் ஓரம் தனியாகத் தெரியுமாம். டேங்க் முழுவதும்தான் அடிக்க வேண்டும். 3,000 ரூபாய் ஆகும் என்றார். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை.

இதைக் கேட்டதும் எனக்கு நம் அறிவியல் பாடம் ஞாபகம் வந்தது. ஒழுங்கான எதிரொளிப்பு, ஒழுங்கற்ற எதிரொளிப்பு என்று படித்தோம் அல்லவா? வழவழப்பான பரப்பில் பட்ட ஒளி ஒரே திசையில் திரும்பும். அதனால் முகம் தெரியும், கண் கூசும். சொரசொரப்பான பரப்பில் பட்ட ஒளி எல்லாத் திசையிலும் சிதறும். அதனால் பளபளப்பு இருக்காது. மேட் பெயிண்ட் என்பது இதுதான். நம்ப முடியாவிட்டால் நம் வகுப்புக் கரும்பலகையைப் பாருங்கள். நடுவில் டஸ்டர் பட்டுப் பட்டு வழவழப்பாகிப்போன இடம் ஜன்னல் வெளிச்சத்தில் பளிச்சென்று அடிக்கும். ஓரத்து பெஞ்சில் இருப்பவர்களுக்கு அங்கே எழுதினது தெரியாது. அண்ணன் வண்டியில் நான் செய்து வைத்ததும் அதேதான். பரீட்சையில் அந்தக் கேள்விக்குச் சரியாக எழுதினேன். வாசலில் அது எனக்கு ஞாபகம் வரவில்லை.

உங்கள் வீட்டிலும் அண்ணனோ மாமாவோ இந்த மாதிரி வண்டி வைத்திருக்கலாம். இப்போது ஸ்கூட்டியில்கூட மேட் நிறம் வருகிறது. அதனால் பெயிண்டர் மாமா சொன்னதையும், பிறகு நான் செய்து பார்த்ததையும் வரிசையாக எழுதுகிறேன்.

1. வண்டியை நிழலில் நிறுத்தி, சூடு ஆறிய பிறகுதான் கழுவ வேண்டும். வெயிலில் கழுவினால் தண்ணீர் காய்ந்து உப்புப் புள்ளி விழும்.

2. காய்ந்த புழுதியைக் காய்ந்த துணியால் துடைக்கவே கூடாது. புழுதி என்பது மண். அது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது மாதிரி. முதலில் மேலிருந்து தண்ணீர் ஊற்றி மண்ணை இறக்கிவிட வேண்டும்.

3. இரண்டு வாளி வேண்டும். ஒன்றில் ஷாம்பு தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். துடைத்த துணியை வெறும் தண்ணீரில் அலசிய பிறகுதான் ஷாம்பு வாளியில் விட வேண்டும். இல்லாவிட்டால் எடுத்த மண்ணையே திரும்பப் பூசுவோம்.

4. ஷாம்பு என்றால் வண்டிக்கு என்றே விற்கும் மென்மையான ஷாம்பு. அதிலும் மெழுகு கலந்தது, பளபளப்பு தருவது என்று போட்டிருந்தால் வாங்கக் கூடாது. பாத்திர சோப்பு, துணி சோப்புத் தூள், சலவை சோடா வேண்டாம்.

5. துணி மெத்தென்ற மைக்ரோஃபைபர் துணியாக இருக்கட்டும். பச்சை நார், தேங்காய் நார், பிரஷ் எதுவும் வேண்டாம். அழுத்தாமல் துடைக்க வேண்டும். ஒரே இடத்தில் நின்று சுத்திச் சுத்தித் தேய்க்கக் கூடாது.

6. கடைசியில் குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி ஒற்றி எடுக்க வேண்டும். போர் தண்ணி உப்பாக இருந்தால், கடைசி அலசலுக்கு மட்டும் அரை வாளி மழைத் தண்ணியோ காவிரித் தண்ணியோ ஊற்றினால் புள்ளி வராது. நான் செய்து பார்த்தேன், வரவில்லை.

7. காக்கா எச்சத்தில் அமிலம் இருக்கிறது. மரப் பிசினும் செத்துப்போன பூச்சியும் அப்படித்தான் அரிக்கும். பார்த்தவுடன் எடுக்க வேண்டும். சுரண்டக் கூடாது. ஈரத் துணியை அதன் மேல் பத்து நிமிஷம் போட்டு ஊறவிட்டால் தானாக வந்துவிடும். வண்டியைப் புளியமரத்தடியில் நிறுத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

8. பங்க்கில் பெட்ரோல் சிந்தினால் அப்போதே ஈரத் துணியால் ஒற்ற வேண்டும். அண்ணன் இப்போது சீட்டுக்கு அடியில் ஒரு துணி வைத்திருக்கிறது.

9. பாலிஷ், மெழுகு, ரப்பிங் காம்பவுண்ட், பளபளப்பு ஸ்பிரே, பற்பசை, மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவும் கூடாது. ஏதாவது போட்டே ஆக வேண்டும் என்றால் மேட் பெயிண்டுக்கு என்றே எழுதியிருப்பதை மட்டும் வாங்க வேண்டும்.

10. டேங்க் மேல் பை வைத்து ஓட்டினால், முழங்கால் உரசிக்கொண்டே இருந்தால், புழுதியோடு வண்டிக்கு உறை போட்டால் அந்த இடமும் நாளடைவில் பளபளப்பாகிவிடும். கழுவிக் காய்ந்த பிறகு உறை போடுவது நல்லது.

11. இது என் சொந்த யோசனை. பூஜைக்குச் சந்தனம் குங்குமத்தை டேங்க் மேல் வைக்காமல் முகம் பார்க்கும் கண்ணாடியிலும் முன்விளக்குக் கண்ணாடியிலும் வைக்கலாம். எலுமிச்சம்பழச் சாறு பெயிண்டில் படாமல் பார்த்துக்கொள்ளலாம். ஆத்தாவிடம் கேட்டேன். "சாமி எங்க வெச்சாலும் ஏத்துக்கும்" என்று சொல்லிவிட்டது.

பெயிண்டர் மாமா கடைசியில் ஒன்று சொன்னார். "வெங்கலப் பாத்திரத்தத் தேய்ச்சா அழகு கண்ணு. இதத் தேய்க்காம விட்டா அழகு. எது எந்தச் சாதின்னு தெரிஞ்சு கை வெக்கணும்." நான் எல்லாவற்றையும் வெங்கலம் என்று நினைத்துவிட்டேன். வேலை செய்ய ஆசை மட்டும் இருந்தால் போதாது, கை வைக்கும் முன்னால் கேட்கவும் வேண்டும். அண்ணனை எழுப்பி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இரண்டு நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

அந்தத் திட்டு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. தவணை முடிந்த பிறகு பார்க்கலாம் என்று அண்ணன் சொல்லிவிட்டது. நான் உண்டியலில் போட்டு வைத்திருந்த காசைக் கொடுத்தேன், வாங்கவில்லை. ஊருக்கு வரும்போதெல்லாம், "பாப்பா, ரெண்டு வாளி எடுத்தா" என்று கூப்பிடும். வேப்பமரத்து நிழலில் இரண்டு பேரும் சேர்ந்து கழுவுவோம். இடது பக்கம் மட்டும் நான்தான் துடைப்பேன். அழுத்தாமல் துடைப்பேன்.

போன வாரம் அந்த வாட்டர் சர்வீஸ் அண்ணன் எங்கள் தெரு வழியாகப் போனார். உங்களைப் பற்றிச் சுவரிதழில் எழுதலாமா என்று கேட்டேன். "பேரு போடாம எழுதிக்க" என்றார். அதனால் பெயர் போடவில்லை. தெரிந்தவர்கள் யாரும் கீழே பென்சிலில் எழுதி வைக்காதீர்கள்.



— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி